இடது காலின் மெத்தை

கோல்கீப்பரின் கால்காப்பை ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவைக்கக் கூடாது. எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை. நீங்களும் இந்த ஸ்டேஷனில் அதையேதான் செய்திருக்கிறீர்கள், சார்ஜென்ட். சூட்டில் உள்ளே இருக்கும் ஃபோம் இறுகிவிடும், தோல்வார் வெடித்துவிடும். இரண்டடி தள்ளி நிமிர்த்தி வைத்து, வார்களையெல்லாம் தளர்த்திவிட வேண்டும். ஆமாம், அப்படித்தான். இப்போது நிம்மதியாகப் பேசலாம்.

என் பெயர் ரஸ் பஸ்லுக். படகு மூடிகளும் லாரித் தார்ப்பாய்களும் தைப்பது என் தொழில். ஆறு வருடம் இந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு நான்தான் கோல்கீப்பர். ஓகோ என்று சொல்ல முடியாவிட்டாலும், மோசம் என்று யாரும் சொன்னதில்லை. பிறகு மெர்ல் ஃப்ரீசன் மின்கம்பம் ஏறும் வேலைக்குத் தெற்கு மனிடோபாவிலிருந்து வந்து சேர்ந்தான். முதல் நாள் பயிற்சியில் கோச் ஹெக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் மாற்று ஆள்.

மாற்று கோல்கீப்பருக்கு என்ன வேலை தெரியுமா? முழுக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார வேண்டும். ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போகும்போதெல்லாம் கதவைத் திறந்து மூட வேண்டும். உப்புக்குச் சப்பாணி. இரண்டு வருடம் திறந்து மூடினேன். அந்தக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டவனும் நான்தான்.

மெர்ல் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். அவனைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அவனோ நல்லவன். என்னிடம் தையல் மெஷின் இருப்பது தெரிந்ததும் தன் கால்காப்புகளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கெண்டைக்கால் வாரை ஒரு அங்குலம் கீழே இறக்கினேன். இரும்புக் கொக்கிகளை எடுத்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்தேன். ஸ்கேட்டோடு சேர்த்துக் கட்டும் நுனிக் கயிற்றுக்குப் பதில் ரப்பர்போல இழுபடும் கயிறு போட்டேன். உள்பக்கத்தில் அவன் மகள்கள் இரண்டு பேரின் பெயரையும் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான். ஞாயிறு மத்தியானம் தவறாமல் கொண்டுவந்து வைப்பான். கூடவே அவன் மனைவி லோரீன் உருளைக்கிழங்கு அடைத்துச் செய்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு டப்பா.

நீங்கள் விளையாடுவதில்லை என்றீர்கள், அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான்; அது உள்ளே போகாமல் வலையின் கீழ்ப்பகுதியை அடைக்க கோல்கீப்பர் மண்டி போட்டு இரண்டு காலையும் பக்கவாட்டில் விரிப்பான். அப்போது முழங்கால் பனியில் படாது. காப்புக்குள் இருக்கும் மெத்தையில் உட்காரும். அந்த மெத்தை எத்தனை கனம் என்பதுதான் எல்லாமே. ஒரு விரல் கனம் குறைந்தால் அந்தக் குறையை இடுப்பு மூட்டு முறுக்கி ஈடுகட்ட வேண்டும். ஆட்டத்துக்கு நாற்பது ஐம்பது தடவை. மெத்தை உறைக்குள் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

நவம்பரில் ஒரு ஆட்டம் தோற்றோம். மெர்ல் காப்பைக் கொண்டுவந்து, இடது பக்கம் கொஞ்சம் தள்ளாடுகிறது, என்னவென்று பார் என்றான். பார்த்தேன். உறையைப் பிரித்து மெத்தையிலிருந்து ஒரு சாவியின் கனத்துக்குச் சீவி எடுத்தேன். அவனுக்கு அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றிரண்டு வட்டு அவன் காலுக்கடியில் நழுவி உள்ளே போனால் போதும். ஹெக்டர் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே நான் இருப்பேன். அவ்வளவுதான் என் ஆசை.

அடுத்த ஆட்டத்தில் மெர்ல் ஒரு கோல்கூட விடவில்லை.

அதற்கடுத்ததிலும் ஜெயித்தோம். அதற்கடுத்ததிலும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கோல்கீப்பரின் காப்பை யாரும் தொடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடும். துவைக்கக் கூடாது, வார் மாற்றக் கூடாது, ஒரு பிசிறைக்கூட வெட்டக் கூடாது. மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் அது சட்டம். மெர்ல் காப்பைக் காயவைக்க மட்டும் என்னிடம் கொடுப்பான்.

கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவன் எழுந்து நின்று, கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டி ஓசை எழுப்பி, என்னைக் காட்டினான்.

"என்னைய எதுக்குய்யா புகழுறீங்க? என் காலு ரெண்டும் இவன் தச்சது. இவன் இல்லன்னா நான் கம்பத்துல ஏறிக் கம்பி கட்டிக்கிட்டு கெடப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். என் இடத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு என்னையே கும்பிடு போட வைக்கிறானே என்று இருந்தது. சிரித்துக்கொண்டே ஒரு பெரோகி எடுத்துத் தின்றேன். வெங்காயம் நன்றாக வதங்கியிருந்தது.

ஜனவரியில் அவன் நடை மாறியது. காரிலிருந்து இறங்கும்போது இடது தொடையைக் கையால் தூக்கி வைப்பான். நான் மனசாட்சி இல்லாதவன் என்று லோரீன் உங்களிடம் சொல்லியிருப்பாள். உடைமாற்றும் அறையில் பத்துப் பேர் முன்னால் நானேதான் கேட்டேன். காப்பைப் பிரித்துப் பார்க்கட்டுமா என்று.

"பிரிச்சுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்," என்றான் மெர்ல். "ஒம்போது ஆட்டம் ஜெயிச்சிருக்கோம்டா."

"இடுப்பு நோவுதுன்னியே."

"நோவுனா நோவட்டும். நோவுறப்பதான் ஜெயிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெக்டரும் சிரித்தார். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாட்சி சொல்வார்கள். அடுத்த வாரமும் கேட்டேன். அப்போதும் மறுத்துவிட்டான். என் பங்குக்கு நான் கேட்டாயிற்று. வேண்டாம் என்றது அவன்தான்.

நவம்பரில் சீவினேன் என்று சொன்னேன் இல்லையா? ஒரு தடவைதான் என்று நீங்கள் எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து தடவை. மீதி நான்கும் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில்தான். காயவைக்கக் கொடுத்தபோது. தொடக் கூடாத நேரத்தில் தொட்டேன், அப்படியாவது அவன் அதிர்ஷ்டம் கெடட்டும் என்றுதான். கெடவில்லை. மெத்தை குறையக் குறைய அவன் இன்னும் கொஞ்சம் முறுக்கி, இன்னும் கொஞ்சம் விரித்து, எல்லாவற்றையும் தடுத்தான். என்னால் அது முடிந்திருக்காது. இரண்டாவது சீவலிலேயே நான் நான்கு கோல் விட்டிருப்பேன். அதை நினைக்கும்போதுதான் கை மறுபடியும் கத்தியைத் தேடியது. கடைசியில் மொத்தம் ஒரு விரல் கனத்துக்குக் கொஞ்சம் கூடவே போயிருந்தது.

பிப்ரவரி, சனிக்கிழமை மத்தியான ஆட்டம். அவன் இடது பக்கம் சறுக்கி மண்டி போட்டான். வட்டைத் தடுத்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. கத்தவும் இல்லை. தலையை மட்டும் தூக்கி எங்கள் பெஞ்சைப் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு நானே போனேன். அந்த வார்களை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று வேறு யாருக்கும் தெரியாது.

"மெதுவா, ரஸ்," என்றான். "வாரு அறுந்துரப் போவுது."

இடுப்பு மூட்டின் விளிம்பு கிழிந்து எலும்பும் தேய்ந்திருக்கிறது என்றார்கள். வின்னிபெக்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இனி ஸ்கேட் போட முடியாது. கம்பத்திலும் ஏற முடியாது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பூ வாங்கிக்கொண்டு போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இறுதி ஆட்டத்துக்குத் தன் காப்பைத்தான் நான் கட்ட வேண்டும் என்றான். அதில் பதினான்கு வெற்றி இருக்கிறதாம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அங்கேதான் நான் தவறு செய்தேன். தவறு என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்த இடது மெத்தையில் என் முழங்காலை வைக்க எனக்குத் துணிவில்லை. புது ஃபோம் வாங்கி, பழைய கனத்துக்கே வெட்டி ஒட்டி, உறையைத் தைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு இறங்கினேன். முப்பத்தொரு வட்டு தடுத்தேன். கோப்பை எங்களுக்கு. என் வாழ்க்கையிலேயே அதுதான் என் நல்ல ஆட்டம். ஆனால் கூட்டம் முழுக்க, அந்தக் காப்பைப் பார்த்துப் பார்த்து, "மெர்ல், மெர்ல்" என்றுதான் கத்தியது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவன்மேல் பொறாமைதான்.

மறுநாள் காலை காப்புகளை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது காப்பை மடியில் போட்டு, மெத்தைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். வலதையும் அழுத்திப் பார்த்தான்.

"இடது முன்னைக்கு உசந்திருக்கே," என்றான்.

மேசையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, இரண்டு காப்பிலும் நான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தான். வலது பக்கம் ஃபோம் வியர்வையில் பழுத்து மஞ்சளாக இருந்தது. இடது பக்கத்தில் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. ஒட்டிய கோட்டின்மேல் விரலை ஓட்டினான்.

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்," என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. முகம் மட்டும் சுருங்கியது. "பிரிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டியேடா. நாந்தானே வேணாம்னேன்," என்றான். பிறகு உள்ளே திரும்பி, ரஸ்ஸுக்குக் காபி கொண்டு வா என்று லோரீனிடம் சொன்னான். அவள்தான் காபி போடாமல் உங்களுக்குப் போன் செய்தாள்.

இவ்வளவுதான். நான்தான் செய்தேன். ஐந்து முறையும் நிதானத்தோடு செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வழக்கு முடிந்ததும் அந்தக் காப்பை வேறு யாரிடமும் கொடுத்துத் தைக்கச் சொல்லாதீர்கள். என்னிடமே அனுப்புங்கள். என்னைத் தவிர வேறு யார் தொட்டாலும் மெர்லுக்குப் பிடிக்காது.