அவளையே பிடித்த மெஷின்

புனே விமான நிலையத்தில், சென்னை விமானத்துக்கான சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி நின்றார்கள். காவலர் அந்தப் பெண்ணின் துணிப்பையைப் பஞ்சால் துடைத்து, பஞ்சை மேஜைமேல் இருந்த சின்ன மெஷினுக்குள் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அப்பாடா, என்னைப் பிடிச்சிடுச்சு!" என்றாள் அவள், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

"மெதுவாப் பேசு. லேபுக்குக் கொண்டுபோற பையை ஏன் எடுத்துட்டு வந்த?" என்றார் கணவர்.

"ரெண்டு தடவை துவைச்சேங்க. அப்படியும் வெடிமருந்துத் தூசியைக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க, நாங்க செஞ்ச மெஷின்! வெளிநாட்டுல வாங்கிக்கலாமே, ஆராய்ச்சிக்கு எதுக்குப் பணம்னு டெல்லியில கேட்டாங்களே, அவங்க இப்ப இங்க நிக்கணும்."

காவலர் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

"நீ யாருன்னு அவர்கிட்ட சொல்லேன். பிளைட் போயிடும்."

"சொன்னா விட்டுடுவார். அப்புறம் மெஷின் எதுக்கு?"

கணவர் செல்போனை எடுத்தார். "அத்தை, உங்க பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்காங்க. பயப்படாதீங்க, அவ செஞ்ச மெஷின்தான் பிடிச்சுது. ஆமா, கவர்மென்ட் பணம் குடுத்து நம்ம பொண்ணு செஞ்சது!"

வரிசைக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று, அதையே இந்தியில் இன்னும் சத்தமாகச் சொன்னார். காவலரின் கை அப்படியே நின்றது.

"நிறுத்தாதீங்க," என்று அவள் இந்தியில் அதட்டினாள். "இன்னும் ஒரு ஜிப் பாக்கி இருக்கு."