எந்த நாலு மணி

ஸியானா: நாலேகால் ஆச்சு அண்ணி. கோப்பைய எடுங்க.

ரவூஃபா: மூணேகால். உக்காரு. மீன் உருண்டை சாப்பிடறியா?

ஸியானா: பேச்ச மாத்தாதீங்க. கால் மணி நேரத்துக்கு மேல வராத டீம் தோத்த டீம். நோட்டீசுல எழுதினதே நீங்கதான்.

ரவூஃபா: எழுதினேன். தலைநகர் மாலே நேரத்துல எழுதினேன்.

ஸியானா: அப்படி எங்க போட்டிருக்கு? 'வெள்ளி, சாயங்காலம் நாலு மணி. பாஷிப் பந்தாட்டம். ரிசார்ட் சலவைப் பெண்களும் தீவுப் பெண்களும்.' அவ்வளவுதான்.

ரவூஃபா: ஆட்டம் எங்க தீவுல. அதனால எங்க நாலு. வெள்ளக்காரங்க எப்ப எழுந்தாலும் வெயில் மிச்சம் இருக்கணும்னு உங்க முதலாளி ரிசார்ட் கடிகார முள்ள ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்காரு. அதுக்கு நாங்களா பொறுப்பு?

ஸியானா: அந்த முள்ளப் பாத்துதான் அண்ணி தினம் நானூறு படுக்கை விரிப்பு துவைக்கிறேன். எனக்கு வேற மணி தெரியாது.

ரவூஃபா: வீட்டுக்கு வந்தா மட்டும் தெரியுமே. பாத்திரம் கழுவற நேரம் வந்தா, 'ரிசார்ட்ல இப்ப தூங்கற நேரம்'ம்ப.

ஸியானா: அது... உடம்பு பழகிடுச்சு.

ரவூஃபா: நல்ல உடம்பு. சரி, உன் பொண்ணுங்க எங்க?

ஸியானா: தோணியில. வெயிலா இருக்குன்னு இறங்கல. உங்க பொண்ணுங்க?

ரவூஃபா: வீட்டுல. அஸர் தொழுதுட்டு நாலுக்கு டாண்ணு நிப்பாங்க. இதோ, பாங்கு சொல்றாங்க கேளு. உன் கணக்குப்படி பள்ளிவாசலும் லேட்டா?

ஸியானா: பள்ளிவாசல எதுக்கு இழுக்கறீங்க... வாங்க, தொழுதுட்டு வருவோம். வந்தப்புறம் கோப்பை.

ரவூஃபா: வந்தப்புறம் ஆட்டம்.

* * *

ஸியானா: தொழுதாச்சு. வந்து உக்காந்தும் அரை மணி ஆச்சு. இப்ப உங்க கடிகாரத்துலயே நாலு இருபது. ரெண்டு நேரத்துலயும் உங்க ஆளுங்க லேட்டு. குடுங்க அண்ணி. ஜெயிச்சா மாசத்துல ஒரு வெள்ளி லீவுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. ஒரு நாள் ஊருல வந்து தூங்குவேன்.

ரவூஃபா: நீ தூங்கணும்னு நான் தோக்கணுமா? மூணு வருஷமா தோக்கறேன். உங்கண்ணன் சோத்துல கை வெக்கறப்பல்லாம் ஸ்கோர் சொல்றாரு. முதல்ல உன் பொண்ணுங்கள இறங்கச் சொல்லு.

ஸியானா: படுத்திருக்காங்க.

ரவூஃபா: தோணியில அத ஓட்டற ஃபாரூக் காக்கா ஒருத்தர்தான் குறட்ட விட்டுட்டு இருக்காரு.

ஸியானா: அவருக்குப் பின்னால...

ரவூஃபா: பத்து பேருமா?

ஸியானா: ...வரல அண்ணி. தோணி கிளம்பறப்போ துறையில நான் மட்டுந்தான். யாரோ அவங்களுக்கு ஃபோன் பண்ணி, 'தோணி மூணரைக்குன்னா மாலே மூணரை'ன்னு சொல்லியிருக்காங்க.

ரவூஃபா: அடப்பாவமே. யாரு?

ஸியானா: பொம்பளக் குரலாம்.

ரவூஃபா: ஊருல பாதிப் பேர் பொம்பளைங்கதான்.

ஸியானா: சரி, உங்க ஆளுங்க நிஜமா எங்க?

ரவூஃபா: ...கடல்ல குளிச்சிட்டிருக்காங்க. ஆட்டத்த அஞ்சு மணிக்கு மாத்தியாச்சுன்னு யாரோ செய்தி அனுப்பியிருக்காங்க.

ஸியானா: யா அல்லா. இப்படியும் பண்ணுவாங்களா?

ரவூஃபா: அதான பாரு. கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?

ஸியானா: விளையாட்டுல கூடவா ஏமாத்துவாங்க.

ரவூஃபா: வயிறு எரியுது. இந்தா, உருண்டை எடுத்துக்கோ.

ஸியானா: காரமா இருக்கு... நல்லா இருக்கு. அப்ப என்ன பண்றது?

ரவூஃபா: அடுத்த வெள்ளி வெச்சுக்கலாம். நாலு மணி. மாலே நேரம்னு கொட்ட எழுத்துல போடறேன்.

ஸியானா: சரி. பக்கத்துல எங்க நேரத்தையும் போடுங்க.

ரவூஃபா: போடறேன். நோட்டீஸ யாரு படிக்கறா? உன் பொண்ணுங்க பத்து பேருக்கும் நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்.

ஸியானா: இருங்க. அவங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?

ரவூஃபா: எங்க பொண்ணுங்க நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுதோ அப்படித்தான்.