அண்ணி அடித்த பெயிண்ட்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. என் கடைக்கு வருகிறவர்களை இப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார வைக்க மாட்டேன், பேரம் நீண்டுவிடும்.

வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது என் தொழில். யாரும் மாதச் சம்பளத்தில் இல்லை. வேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பேன். ஒருவருக்கு வருடத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால், அவர் பெயரையும் வரி எண்ணையும் படிவத்தில் எழுதி வரி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். நல்ல சட்டம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. வருத்தப்பட்டவன் என் பெரிய பெயிண்டர்தான்.

“என் பேரு அந்தக் காகிதத்துல ஏறுச்சுன்னா எவன் வரி கட்டுறது? நாளைக்கே பிரஷைத் தூக்கிக்கிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுவேன், மொதலாளி.”

அவன் போனால் என் பிழைப்பு நாறிவிடும். பெயர் இல்லாமல் படிவமும் நகராது. மேஜைக்குள் அண்ணியின் வரி அட்டை சும்மா கிடந்தது. அண்ணன் போன பிறகு எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தவர். ஸ்பூன் பிடித்தாலே கை நடுங்கும். படிவத்தில் அவரைப் பெயிண்டராக்கினேன்.

அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வருமானம் இல்லாதவர் என்பதால் வாரம் மூன்று டயாலிசிஸ் இலவசம். படிவம் போய்ச் சேர்ந்தது, இலவசம் நின்றது. கடிதத்தோடு இறங்கி வந்தார்.

“தம்பி, நான் யார் வீட்டுச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சேன்? ஏணியில ஏறின மாதிரி கனவுகூட வரலையே!”

“ஆபீஸ்காரன் தப்பு அண்ணி. எழுதிப் போட்டுடுறேன்.”

திருத்தப் படிவம் ஒரே பக்கம்தான். அனுப்பினால் அபராதம், பெயிண்டரும் போவான். அதனால் ஆஸ்பத்திரிச் செலவை நானே ஏற்றேன். கல்நெஞ்சக்காரன் இல்லை நான். ஆனால் சொன்ன விலைக்கு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. வாரம் மூன்று என்றார் டாக்டர். “ரெண்டா முடிச்சுக்கலாமே,” என்றேன். “இதென்ன காய்கறிக் கடையா சார்?” என்றார். இரண்டில் முடிந்தது. அடுத்த மாதம் வாரத்துக்கு ஒன்று. பிறகு மழை, வேலை கம்மி. அதையும் தள்ளிப் போட்டேன். அண்ணியின் முகம் ஊதிக்கொண்டே வந்தது. “பதில் வந்துச்சா தம்பி?” என்று தினமும் கேட்பார். “வந்துடும் அண்ணி.” நான் எழுதவே இல்லை.

தள்ளிப் போட்ட பதினோராம் நாள் மூச்சு நின்றது.

கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. பட்டும் திருந்தாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த வருடப் படிவத்தில் என் மனைவியின் பெயரைப் போட்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று நன்றாக விசாரித்துவிட்டுத்தான் போட்டேன்.