குழாயின் அடியில் இருந்த எண்

பழைய துப்பாக்கி எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது திருகாணிகளைத்தான், ஐயா. தலை தேய்ந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருந்தால், கைவைத்ததை மறைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறவனுக்கு எதையும் லேசில் நம்ப வராது.

சென்ற மாதம் என் தங்கையின் கணவர் ஒரு மரப்பெட்டியோடு பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பா காலமானபின் அலமாரியில் கிடைத்ததாம்.

"மச்சான், இது என்ன துப்பாக்கின்னு பாத்து ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. வேலை செய்யுமான்னும் சொல்லணும்."

அருமையான சாமான். குறிபார்க்கும் போட்டிக்கென்றே செய்த கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு குண்டு. கைப்பிடி மரத்தை உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செதுக்கியிருந்தார்கள். பிடித்தால் விரல் தானாகப் போய் விசையில் உட்காரும். பக்கவாட்டில் ஒரு குட்டி நெம்புகோல். அதை அழுத்தி வைத்துவிட்டால் போதும், விசையைத் தொட்டாலே வெடிக்கும். திருகாணிகள் புதிதுபோல இருந்தன.

"யாரு கழட்டினது?"

"அப்பாதான் வருஷா வருஷம் கழட்டி எண்ணெய் போடுவாரு."

பதில் சட்டென்று வந்தது. சட்டென்று வரும் பதில் எனக்குப் பிடிக்காது. வாழ்நாளில் துப்பாக்கியைத் தொடாத இந்த மாப்பிள்ளைக்கு அது வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? அதற்கு முந்தின வாரம்தான் தங்கை தொலைபேசியில் தொண்டை கட்டிய குரலில் பேசினாள். சளி என்றாள். யாரிடம் கதை விடுகிறாள்? எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். இவர் அவளைச் சுடப்போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சீட்டைக் கொடுத்தேன். வகை, குழாயின் நீளம், செய்த காலம் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். யாரிடம் காட்டினாலும் தப்புச் சொல்லமாட்டார்கள்.

"நம்பர் போடலையே மச்சான்?"

"குழாய்க்கு அடியில பொடிசா இருக்கு, எனக்குத் தெரியல. வீட்டுல வெளிச்சத்துல நீங்களே பாத்து எழுதிக்குங்க மாப்பிள்ளை. குண்டை அடிக்கிற ஊசி தேஞ்சு போச்சு, இனி வெடிக்காது. உள்ளயும் ஒண்ணுமில்ல."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த எண்ணை நேராகப் படிக்க ஒரே வழிதான். துப்பாக்கியைப் புரட்டி, அதன் வாயைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கவேண்டும். மாப்பிள்ளைக்குப் பொடி எழுத்தென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். குண்டு போட்டது நான்தான். நெம்புகோலை அழுத்தி வைத்ததும் நான்தான். வழியில் வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாதே என்று பஞ்சு சுற்றி, அவருடைய கார்வரை நானே தூக்கிப்போய் வைத்தேன். தங்கை வேலைக்குப் போகும் நாளாகவும் பார்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் செத்துக் கிடந்த அவர் தலைமாட்டில் இருந்த விண்ணப்பத்தைக் காட்டுகிறீர்கள். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க எழுதியது. இயங்கும் நிலையில் உள்ளதா என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது, அதனால்தான் என்னிடம் கேட்டார் என்கிறீர்கள். துப்பாக்கி இருக்கும் வீட்டில் இருக்கமாட்டேன் என்று தங்கைதான் பிடிவாதம் பிடித்தாளாம். இருக்கட்டும். தப்பு செய்ய நினைக்கிறவன் இப்படி ஒரு காகிதத்தை முதலிலேயே தயார் செய்துகொள்ள மாட்டானா?

ஒன்றுதான் இடிக்கிறது. இவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். சாவு வீட்டில் அவள் என் முகத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உயிர் தப்பியவள் அழுகிற அழுகையா அது? எதையோ மறைக்கிறாள், ஐயா. அவளையும் ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள்.