பூஜ்யத்துக்கு ஒரு பாராட்டு விழா

விழாத் தலைமையைத் தம் பொறுமையால் அணிசெய்யும் நெய்தல் நகர் நலச் சங்கத் தலைவர் ஐயா லக்ஷ்மிநாராயணன் அவர்களே! பாராட்டுப் பெறப் பணியிடையே வந்திருக்கும் காவல் ஆய்வாளர் ஜெபக்குமார் அவர்களே! கேளம்பாக்கம் கடைவீதியில் பாதிக் கதவை மூடிவிட்டு வந்த வணிகப் பெருமக்களே! கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்த சொந்தங்களே! லிஃப்ட் வேலை செய்ததால் இறங்கி வந்திருக்கும் அடுக்குமாடி அன்பர்களே! முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

பகுதிப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் செயலாளர் விஜயகுமாரியாகிய நான் நன்றித் தீர்மானத்தை முன்மொழிவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது. முன்மொழிகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

திருட்டில்லாத் திருநகர் நம் நகர். இந்த ஆண்டு பதிவான சங்கிலிப் பறிப்பு பூஜ்யம். தட்டுங்கள், நன்றாகவே கை தட்டுங்கள், பேனர் கட்டியாகிவிட்டது. இந்தப் பூஜ்யத்தின் புகழ் மேலிடம் வரை போய், குற்றமே இல்லாத ஊருக்குக் காவல் எதற்கு என்று கேட்கிறார்கள். சாலை முனையில் இருக்கும் புறக்காவல் சாவடியை அடுத்த வாரம் எடுக்கப் போகிறார்கள். அதற்கு ஆதாரமாக, நாம் இன்று நிறைவேற்றப் போகும் தீர்மானத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவையோரே, இந்தப் பூஜ்யம் எப்படிப் பிறந்தது? பறிப்பவன் திருந்திவிட்டானா? பைக்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா? உப்பளத்துப் பாலத்தில் வீசும் உப்புக்காற்று பட்டுப் பாவிகளெல்லாம் பக்தர்களாகிவிட்டார்களா?

எல்லம்மாளை உங்களுக்குத் தெரியும். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சமைக்கிறாள். கணவர் வரதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் கழுத்தில் தாலிச் சங்கிலியைக் காணோம், புதிதாய் ஒரு மஞ்சள் கயிறு.

"இன்னா எல்லம்மா, செயின் எங்க?" என்றேன்.

"வூட்ல பீரோவுல கீதுக்கா. வேர்வைக்கு அரிக்குதுன்னு கழட்டி வச்சிகினேன்."

"கழுத்துல இன்னா காயம்?"

"பல்லி வுழுந்துச்சு."

கழுத்தைச் சுற்றி வட்டமாக விழுந்த பல்லியை நான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். அப்புறம் காதோடு சொன்னாள். பாலத்தில் நடந்து வரும்போது பின்னால் வந்த பைக்காரன் இழுத்த இழுப்பு அது. ஸ்டேஷனுக்கு ஏன் போகவில்லை என்றேன். "கட்டினவரு உசுரோட இருக்க, தாலி பூட்சின்னு எப்டிக்கா வாயால சொல்றது? அவருக்கு ஆவாது" என்றாள்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதருக்கு ஆகாத விஷயம் சாலையில் எவ்வளவோ இருக்கிறது. வீட்டில் இதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

ரூத்தின் தாலியில் சிலுவை இருந்தது. அதையும் அதே பாலத்தில் அவன் விட்டு வைக்கவில்லை. "நாங்க சகுனம் எல்லாம் பாக்க மாட்டோம்க்கா, எங்க மாமியார்தான் பாப்பாங்க" என்றாள். யார் பார்த்தால் என்ன? புகார் போகவில்லை.

யாரம்மா அங்கே? பெயரைச் சொல்லிப் பேசலாமா என்றா கேட்கிறீர்கள்? இருவரையும் கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன். "பேரைச் சொல்லிக்கோக்கா, அந்த வார்த்தைய மட்டும் நீயே சொல்லிடு" என்றாள் எல்லம்மாள்.

நான் சொல்லலாம். எனக்குத் தடையில்லை. என் கணவர் சம்பத் மாரடைப்பில் போனபோது என் தாலி பீரோவிலும் இல்லை, பைக்காரனிடமும் இல்லை, என் கழுத்தில்தான் இருந்தது. ஆகாத வார்த்தை ஒன்றையும் நான் வாழ்நாளில் சொன்னதில்லை. காத்தேன், கண்ணை இமைபோல் காத்தேன், அவர் போய்விட்டார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

இப்போது பார்வதம் அம்மாவிடம் வருகிறேன், அவரையும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் கணவர் ராகவன் அணு ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறார். போன வாரம் அதே பாலம், அதே பைக். இந்த முறை சங்கிலி அறுபடவில்லை, அம்மையார்தான் இழுபட்டார். தோள் எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். அணுவைப் பிளந்து பார்க்கும் வீட்டிலும் இதைப் பிளந்து பார்க்க ஆளில்லை.

எனக்குக் கோபம் வருகிறது. முதல் கழுத்தில் கை வைத்தபோதே சொல்லியிருந்தால், பாலத்தில் விளக்கு எரிந்திருக்காதா? ரோந்து வண்டி வந்திருக்காதா? பார்வதம் இன்று இந்த வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டாரா? நாம் மூடி வைத்தோம், அவன் முறுக்கி ஓட்டினான். நாம் மறைக்க மறைக்க, அவன் மறுபடி மறுபடி வந்தான். சாவடி இருக்கும்போதே தோள் உடைகிறது. சாவடியும் போய்விட்டால் அடுத்து உடைவது எது?

ஆய்வாளர் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லாத புகாரை அவர் எதில் பதிவு செய்வார்?

ஆகையால் தாய்மார்களே, நீங்கள் வாய் திறக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர்கள் நூறாண்டு வாழட்டும். பறிகொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டியிருப்பவர்கள் எழுந்து மட்டும் நில்லுங்கள். முதலிலிருந்தே கயிறுதான் கட்டுகிறோம் என்பவர்கள் உட்கார்ந்திருக்கலாம். அந்த வார்த்தையை உங்கள் எல்லோருக்காகவும் நான் சொல்கிறேன். தாலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

எல்லம்மாள் எழுந்துவிட்டாள். ரூத் எழுந்துவிட்டாள். மெதுவாக அம்மா, நாற்காலி சாய்கிறது. பின்வரிசையில் அன்பரசி, நீயுமா? என்னிடம்கூடச் சொல்லவில்லையே. தலைவர் ஐயா, பதற்றப்படாமல் முன்வரிசையைப் பாருங்கள். உங்கள் வீட்டம்மாவும் நிற்கிறார். பீரோவில் இருக்கிறது என்றுதானே உங்களிடமும் சொன்னார்?

சாவடி இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், பாலத்துக்கு விளக்கு வேண்டும், இந்த ஆண்டுக் கணக்கை முதலிலிருந்து எழுத வேண்டும். இதுவே நான் முன்மொழியும் தீர்மானம். வழிமொழிய வேண்டியவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

பேச நேரம் தந்த தலைவருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம். தாய்மார்களே, உட்கார்ந்துவிடாதீர்கள். ஆய்வாளர் ஐயா இன்னும் எண்ணி முடிக்கவில்லை.