காய்ச்சல் என்று எழுதிய சீட்டுகள்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் ஜெயசுந்தரி அம்மையார் அவர்களே! செகந்திராபாத்தை ஊராக்கி, செந்தமிழை வீடாக்கி வாழும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளின் முகம் பார்த்தே பசியாறும் தாய்மார்களே! அமீர்பேட் விடுதிகளிலிருந்து மெட்ரோவில் நின்றுகொண்டே வந்திருக்கும் இளைஞர்களே! ஆலயச் செயலாளன் ஐசக்கின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

எழுதி வந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நம் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது நடத்தி முடித்த நாடகத்துக்குப் பின் அந்தத் தாளுக்கு இங்கே என்ன வேலை?

என்ன நாடகம் ஐயா அது! போதையில் விழுந்தவனைக் கேலி செய்யாத நாடகம். மனம் உடைந்தவளைப் பைத்தியம் என்று பழிக்காத நாடகம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் நம் பெர்சிஸ், இந்த மேடையில் தமிழில் அழுதாளே! மலைத்துப்போனேன்.

நம் ஆலய வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. நீங்கள் போடும் சீட்டுகளை ஞாயிறுதோறும் வாசிப்பவன் நான். அதே போன்ற பெட்டியைப் பிள்ளைகள் மேடையில் வைத்தார்கள். பெர்சிஸ் ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். மகனுக்குக் காய்ச்சல். மருமகளுக்குக் காய்ச்சல். அண்ணனுக்குக் காய்ச்சல். பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "டெங்குகூட பத்து நாள்ல போயிடுது. இது மட்டும் ஏன் வருஷக்கணக்கா போகமாட்டேங்குது?"

நீங்கள் சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை. பதினான்கு மாதம் அந்தச் சீட்டை எழுதியவனே நான்தான். என் கையால் எழுதி, என் கையால் போட்டு, என் வாயாலேயே வாசித்தேன். நீங்களும் நம்பிக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். போவன்பள்ளிச் சகோதரி ஒருவர் நிலவேம்புக் கஷாயமே அனுப்பினார். சிரியுங்கள் அம்மா, தாராளமாகச் சிரியுங்கள்! காய்ச்சலே இல்லாத என் மகன், என் மானத்துக்காக அந்தக் கசப்பைக் குடித்தான்.

அவனுக்கு இருந்தது குடிப்பழக்கம். அதற்குப் பின்னால் ஒரு மனச்சோர்வு. பேர் சொல்லாத நோய்க்கு எந்த மருத்துவர் மருந்து எழுதுவார்? பேர் சொல்லாத துயரத்துக்கு எந்தத் தோழன் தோள் கொடுப்பான்? பேர் சொல்லவிடாமல் பிள்ளையின் வாயை அடைத்தது யார்? நான்! பெற்ற நான்!

திரை விழுந்ததும் பெர்சிஸிடம் ஓடினேன். இந்த நாடகத்தை எழுதியது யாரம்மா என்றேன். இம்முறை தமிழிலேயே சொன்னாள்: "ஃபிரெடி அண்ணாதான் அங்கிள். பேரு போட நக்கோ, வேணாம்னுட்டாரு."

ஃபிரெடி என் மகன். விளக்குப் போட மட்டும் வந்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் விளக்கோடு நின்ற மாடிக்கு ஏறிப் போய், "மேடையில் உன்னைப்பத்திச் சொல்லட்டுமாடா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. உங்களுக்குத்தான் வெட்கமா இருக்கும்."

சபையோரே, அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. படியிறங்கும்போதே ஒரு சீட்டு எழுதினேன். கேளுங்கள்: "என் மகன் ஃபிரெடி. குடியை விட்டு ஏழு மாதம். மருத்துவம் தொடர்கிறது. ஜெபியுங்கள்."

இல்லை, இன்னும் கைதட்டாதீர்கள். ஃபிரெடி! அந்த விளக்கை என் முகத்திலிருந்து எடு. எனக்கு வெட்கமாக இல்லையடா. கீழே இறங்கி வா.

இத்தனை நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். அதோ, படியிறங்கி வருகிறான். இப்போது தட்டுங்கள்.