பச்சோலைப் பெட்டி

ரொம்ப காலத்துக்கு முந்தி, ரோடும் வராம கரண்டும் வராம, தேரி மணலு மட்டும் காத்துல வந்து போயிட்டிருந்த காலத்துல, கருக்குவிளைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எங்கயும் இல்ல, நீங்க உக்காந்திருக்கிய பாத்தியளா, இதே ஊருதான். பேங்க் ஸார், நீங்க முடைஞ்ச அந்தப் பெட்டியத் தூக்கி எறியாதீங்க. மடியில வையுங்க. கோணலா இருந்தா என்ன, நீங்க பெத்த பிள்ளைதான? கத முடிஞ்சதும் அதுக்கு வேல இருக்கு.

அந்தக் காலத்துலயும் முப்பிடாதி அம்மனுக்குப் புரட்டாசியில கொடைத் திருவிழா உண்டு. கொடைன்னா சும்மாவா? எட்டு நாளு கைவேலைப் பந்தல் போடுவாவ. இந்தப் பக்கம் கொல்லன் உலை, அந்தப் பக்கம் குயவர் சக்கரம், நடுவுல எங்க ஓலைப்பெட்டி. எல்லாரும் செஞ்சு காட்டணும், சனம் சுத்தி நின்னு பாக்கும். இன்னைக்கு மாதிரி பக்கத்துல உக்கார வச்சு, "இந்த ஓலைய இப்படி மடக்குங்கம்மா"ன்னு யாரும் சொல்லித் தரமாட்டாவ. வாயே தெறக்கமாட்டாவ. கண்ணால பாத்துக் கத்துக்கிடணும். கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அதான் சட்டம். சொன்னாவ, சொல்லுதேன்.

இன்னொரு சட்டமும் இருந்துச்சு. இந்த ஊருல பொண்ணு எடுக்க வாரவன் கொடையன்னைக்குப் பந்தல்ல உக்காந்து, சனம் பாக்க, தன் கையால ஒரு பெட்டி முடையணும். அந்தப் பெட்டி ஏழு நாளு கோயில் விட்டத்துல தொங்கும். எட்டாம் நாளு, அதான் எட்டாம் கொடை, அன்னைக்குப் பொண்ணோட அம்மா அதுல ரெண்டு படி கேப்பை அளந்து போடுவா. மாப்பிள்ள அதைத் தலையில வச்சு, ஊர்க் கிணறு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். போட்டது கொறையாம வந்து சேந்தா பொண்ணு. கொறஞ்சா, போயிட்டு வாங்க தம்பின்னு அனுப்பிருவாவ.

சரி. இப்ப ஆவுடைத்தாய்ன்னு ஒருத்தி. பந்தல்ல அவதான் மூத்த கை. அவ முடைஞ்ச பெட்டியில தண்ணி ஊத்தினாலும் ஒழுகாதாம். நான் ஊத்திப் பாத்ததில்ல. சொன்னாவ, சொல்லுதேன். அவளுக்குப் புருசன் இல்ல, ஒரே மவ. பேரு சந்தனக்கனி. எங்க பூட்டிக்குப் பூட்டி.

இந்தக் கத நடந்த கொடைக்கு முந்தின வருசம், ஊர்க் கிணறு தூந்து போச்சுன்னு வெளியூர்ல இருந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தாவ. பேரு சுயம்பு. கிணறு வெட்டுறவன். கை ரெண்டும் மம்பட்டி மாதிரி இருக்கும். காலையில உள்ள எறங்குனா பொழுது சாயத்தான் மேல வருவான். மேல வந்தா எதுத்தாப்புல ஆவுடைத்தாய் வீடு. வாசல்ல சந்தனக்கனி பெட்டி முடைஞ்சிட்டிருப்பா. இவன் தண்ணி குடிக்க நிப்பான். ஒரு செம்பு தண்ணிய ஒரு நாழிகை குடிப்பானாம். அவளும், "இன்னொரு செம்பு வேணுமா"ன்னு கேப்பாளாம். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கு மேல என்ன பேசணும், சொல்லுங்க.

தண்ணி வந்துச்சு, கிணறு கட்டி முடியப் போவுது. இவன் நேரா ஆவுடைத்தாய் முன்னால வந்து நின்னான்.

"அத்தே, சந்தனக்கனிய எனக்குத் தாங்க."

"யாருக்கு யாரு அத்த?" அப்படின்னா அவ. "கெணறுவெட்டி, எங்க சட்டம் தெரியுமா ஒமக்கு?"

"தெரியும். ஒரு வருசமாப் பாத்துட்டுதான இருக்கேன்."

"பெட்டி ஒழுகுச்சுன்னா, தை மாசக் கடைசி முகூர்த்தத்துல என் அண்ணன் மவனுக்குக் குடுத்துருவேன். அவன் கண்ண மூடிட்டு முடைவான். சம்மதமா?"

"சம்மதம்"ன்னுட்டான்.

கொடை வந்துச்சு. நம்ம சுயம்பு பந்தல்ல உக்காந்தான். அடி போட்டான், அழகா இருக்கு. சுத்து ஏத்துனான், அழகா இருக்கு. ஒரு வருசம் கண்ணு கொட்டாம பாத்தவன்லா, கை சும்மா ஓடுது. வெளியூர்ச் சனம், "ஏ, கெணறு வெட்டுற கையா இது"ன்னு வாயப் பொளந்து பாக்கு. ஆனா எங்க ஊருப் பொம்பளைய இருக்காவள, ஒருத்திய ஒருத்தி பாக்காவ, குனிஞ்சுக்கிடுதாவ. ஆவுடைத்தாய் கண்ண மூடி உக்காந்திருந்தா. கண்ண மூடியே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. காஞ்ச ஓலைய நனைச்சு எடுத்தாலும் மடக்கும்போது கொஞ்சம் சரசரன்னு பேசும். இது பேசவே இல்ல.

பச்சோலை.

இவன் என்ன செஞ்சான்னா, காலையில மரத்துல இருந்து வெட்டின குருத்தோலைய அப்படியே கிழிச்சுக் கொண்டுவந்துட்டான். ஓலைய மொதல்ல வெயில்ல காயப் போடணும். நல்லாக் காஞ்சு சுருங்கினதுக்கு அப்புறம் தண்ணி தெளிச்சுப் பதம் பண்ணி முடையணும். பச்சையா முடைஞ்சா இன்னைக்குக் கல்லு மாதிரி இருக்கும், நாலு நாள்ல ஓலை சுருங்கி, சந்து சந்தா வாயத் தெறந்துரும். இது இங்க நடக்கப் பழகுற பிள்ளைக்குக் கூடத் தெரியும். சுயம்புக்குத் தெரியல. எப்படித் தெரியும்? வெயில் அடிக்கும்போது அவன் கெணத்துக்குள்ள இருந்தான். பொழுது சாஞ்சு மேல வந்தா, சந்தனக்கனி கையில ஈர ஓலை. ஈரமா இருக்கேன்னு பாத்தான், பச்சைன்னு நெனச்சுட்டான். பாத்தது எல்லாம் சரி, பாக்காதது ஒண்ணே ஒண்ணு.

அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லல. சொல்லக்கூடாதுலா, சட்டம்.

மூணாம் நாளு கெணத்தடியில சந்தனக்கனி அவன்கிட்ட வந்து நின்னா. அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்கு.

"பச்சோலை சுருங்கும்."

"எம்புட்டு?"

"கேப்பை விழுற அளவு."

அவன் அப்படியே கெணத்தடிக் கல்லு மேல உக்காந்துட்டான். அவ சொன்னா, "ஒண்ணும் ஆவல. புளியங்கொட்டைய அரைச்சுப் பசையாக்கி வச்சிருக்கேன். பூசாரி மதியம் சாப்பிடப் போவாரு. அந்நேரம் உள்பக்கம் தடவிருவோம். வெளிய தெரியாது."

சுயம்பு சொன்னானாம், "வேண்டாம் சந்தனம். பூசி மெழுகி ஒன்னக் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு ஒங்க அம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்? ஒழுகுற பெட்டின்னா ஒழுகுற பெட்டிதான். தூக்கிட்டு நடக்கேன்."

"ஒழுகுனா அம்மா என்னை மாமா மவனுக்குக் குடுத்துருவா."

"தெரியும்"ன்னான். சொல்லிட்டு அவனும் அழுதுட்டானாம். மம்பட்டிக் கைய வச்சு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு அழுதானாம். எங்க வம்சத்துல ஆம்பளைய அழுதா யாரும் கேலி பண்ணமாட்டோம். அது அங்க இருந்து வந்ததுதான்.

எட்டாம் கொடை. மேளம் முழங்குது. விட்டத்துல இருந்து பெட்டிய எறக்கினாவ. எறக்கும்போதே சந்து வழியா வெளிச்சம் தெரியுது. ஆவுடைத்தாய் ரெண்டு படி கேப்பைய அளந்து போட்டா. போடப் போடவே சொர்ருன்னு சத்தம். சுயம்பு தலையில தூக்கி வச்சான், நடந்தான்.

அங்கன கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு. "ஏ மாப்பிள்ள, கோலமா போடுதிய?"ன்னு ஒருத்தன். "ஓடுவே, ஓடுனா பாதியாவது மிஞ்சும்"ன்னு ஒருத்தன். அவன் ஓடல. நெத்தியில கேப்பை, தோள்ல கேப்பை, போற வழி பூரா கேப்பை. மெல்ல மெல்ல நடக்கான். கெணத்தச் சுத்தினான், திரும்பினான், வந்தான். ஆவுடைத்தாய் முன்னால பெட்டிய எறக்கி வச்சான். உள்ள ஒரு கைப்பிடி கெடந்துச்சு.

ஆவுடைத்தாய் அதைப் பாத்தா, அவனப் பாத்தா.

"ஓடியிருந்தா கொஞ்சம் மிஞ்சியிருக்கும்லா? ஏன் ஓடல?"

"பின்னால குருவி வந்துச்சு அத்தே. பொறுக்கித் தின்னுட்டே வந்துச்சு. ஓடுனா பறந்துரும்லா."

அப்ப சந்தனக்கனி எந்திரிச்சு நின்னாளாம். அத்தன சனத்துக்கு நடுவுல ஒரு பொம்பளப் பிள்ள எந்திரிச்சு நின்னா.

"யம்மா, பச்சோலைன்னு ஒனக்குத் தெரியாதா? இந்தா உக்காந்திருக்காவள, இவியளுக்குத் தெரியாதா? எனக்குந்தான் தெரியும். ஒரு வார்த்த, காயப்போடுன்னு ஒரு வார்த்த, ஒருத்தரும் சொல்லலியே. ஒழுகுனது அவரு பெட்டி மட்டுமா?"

ஆவுடைத்தாய்க்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் பிடிவாதக்காரி, "சட்டம் சட்டந்தான் ஏட்டி"ன்னு மவ கையப் பிடிச்சு இழுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா.

கத முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டியளா? இருங்க.

ஐப்பசி பொறந்து நாலு நாளு விடாம மழ. மழ விட்டதும் சந்தனக்கனி தண்ணிக்குப் போனா. போன கால அப்படியே நிறுத்திட்டா. கோயில் வாசல்ல இருந்து கெணறு வரைக்கும், கெணத்தச் சுத்தி, மறுபடியும் கோயில் வரைக்கும், பொடிப்பொடியா பச்சைக் கோடு. குருவி தின்னது போவ மிச்சம் கெடந்த கேப்பை பூரா மொளச்சிருக்கு. அவன் நடந்த நடை மண்ணுல எழுதினாப்புல தெரியுது.

அவ ஒண்ணும் பேசல. போயி உடைமுள்ளு வெட்டிட்டு வந்து, ஆடு மேயாம ரெண்டு பக்கமும் வேலி போட்டா. சுயம்பு கெணத்துக்குக் கைப்பிடிச்சுவரு கட்ட இன்னும் அங்கனதான் கெடந்தான். அவனும் ஒண்ணும் பேசல. மழ ஓஞ்ச நாள்ல தான் வெட்டின கெணத்துல இருந்து எறச்சு எறச்சு ஊத்துனான். ஊரும் பாத்துச்சு, ஒண்ணும் பேசல. சனம் தடத்த விட்டு எட்ட எட்ட நடந்துச்சு. வாயத் தெறக்காத சட்டம் அந்த ஒரு தடவதான் நல்லதுக்கு ஒதவுச்சு.

இதுல ஒரு வேடிக்கை. சில நாளு காலையில பாத்தா, கோயில் வாசல் பக்கத்து நாத்துக்கு யாரோ தண்ணி ஊத்தியிருக்கும். சுயம்பும் ஊத்தல, சந்தனக்கனியும் ஊத்தல. "யம்மா, யாரு ஊத்தியிருப்பா?"ன்னு கேட்டதுக்கு, "மழ பேஞ்சிருக்கும்"ன்னாளாம் ஆவுடைத்தாய். மார்கழிப் பனியில, கோயில் வாசலுக்கு மட்டும் பேயுற மழ.

தை பொறந்து கதிரு முத்துச்சு. அறுத்தாவ, அடிச்சாவ, தூத்துனாவ. சுயம்பு இப்பக் காஞ்ச ஓலையில ஒரு பெட்டி முடைஞ்சிருந்தான். காயப்போடணும்னுதான் சொல்லியாச்சே. அதுல கொட்டித் தலையில வச்சு, கெணத்துல இருந்து நேரா ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்தான். அங்க அண்ணன் மவன் வீட்டு ஆளுவ முகூர்த்தம் பேச வந்து உக்காந்திருக்காவ. இவன் பெட்டிய நடுவுல எறக்கி வச்சான்.

ஆவுடைத்தாய் எந்திரிச்சுப் படிய எடுத்தா. அளந்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, அளந்துக்கிட்டே இருந்தா. ஒம்பது படி.

அண்ணன் கேட்டாரு, "என்ன தங்கச்சி, என்னது இது?"

ஆவுடைத்தாய் சொன்னா, "கொடையில நான் ரெண்டு படி போட்டேன். போட்டது கொறையாம வந்து சேரணும்னுதான் சட்டம், அண்ணாச்சி. எப்ப வந்து சேரணும்னு சட்டத்துல இல்லியே." சொல்லிட்டு அவன் பக்கம் திரும்பினா. "உள்ள வாங்க மருமவனே. வெயில்ல நிக்காதீங்க."

அண்ணன் மவனும் நல்ல மனுசன். கல்யாணத்துக்குச் சீர் வச்சுக் கொண்டுபோற சுருள் பெட்டி முடைஞ்சு குடுத்தது அவந்தானாம். சொன்னாவ, சொல்லுதேன்.

அடுத்த கொடையில ஆவுடைத்தாய் பந்தல்ல வந்து உக்காந்து, மொத வேலையா வாயத் தெறந்தா. "யாருக்கு என்ன தெரியலியோ கேளுங்க, சொல்லித் தாரேன்"ன்னா. அன்னைக்கு ஆரம்பிச்சது. அதுல இருந்து இந்தப் பந்தல்ல வாய மூடிட்டு இருந்தாத்தான் தப்பு. காலையில நீங்க அந்த மூலையில கெடந்த ஓலைய எடுத்ததும், நாங்க பத்துப் பேரு சேந்து "பச்சோலை, பச்சோலை"ன்னு கத்துனோம்லா? பயந்துட்டிய. அது அதுக்குத்தான்.

அங்க கோயில் வாசல்ல இருந்து கெணத்துக்குப் போவுதுலா, மணலு பாதை, அதுக்குப் பேரு சுயம்பு தடம். பஞ்சாயத்துல சிமெண்டு போட வந்தாவ. வேண்டாம்னு மறிச்சுட்டோம். சிமெண்டுல எப்படிய்யா மொளைக்கும்?

சரி, எந்திரிங்க. கண்ணாடிக்கார அக்கா, நீங்களும். இந்தப் பந்தல்ல மொத மொத முடைஞ்ச பெட்டி ஒழுகத்தான் செய்யும். ஒழுகலன்னா எங்களுக்குச் சந்தேகம் வந்துரும். ஆளுக்கு ஒரு படி கேப்பை அளந்து போடுதேன். கெணறு வரைக்கும் போயிட்டு வாங்க. பேங்க் ஸார், ஒங்க பெட்டியில கேப்பை என்ன, கோழி முட்டையே விழும். விழட்டும். தலையில வச்சுக்கிடுங்க.

மெதுவாப் போங்க ஸார், ஓடாதீங்க. பின்னால குருவி வருது.